இரவல் எண்கள்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வரைபடம் ஒன்று அவ்வப்போது நம் கண்ணில் படுவதுண்டு. நாடு முழுவதும் சிறுசிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் அங்குள்ள குடும்பங்களின் இடைநிலை வருமானத்திற்கேற்ப வெளிர்பச்சை முதல் கரும்பச்சை வரை நிறம் தீட்டப்பட்டிருக்கும். கட்டத்தைத் தொட்டால் டாலரில் ஓர் எண் தோன்றும். ஒற்றை இலக்கம் வரை துல்லியமாக நிற்கும் அந்த எண்ணைப் பார்ப்பவர், எவரோ வீடு வீடாகச் சென்று வருமானத்தைக் கேட்டெழுதி, வரிசைப்படுத்தி, நடுவில் நின்ற குடும்பத்தைச் சுட்டிக்காட்டிவிட்டார் என்றே நம்புவார். அப்படி எவரும் செய்யவில்லை. அந்த எண்களிற் பெரும்பாலானவை ஒரு பகுதி கேட்டறிந்தவை, ஒரு பகுதி அண்டையாரிடமும் அரசு ஆவணங்களிடமும் இரவல் பெற்றவை.

இதைச் சொன்னதும் இருவகை எதிர்வினைகள் எழக் காண்கிறேன். ஒரு சாரார், "அப்படியானால் எல்லாம் வெறும் ஊகந்தானே" என்று உதறிவிடுகின்றனர். மற்றொரு சாரார், "வாரியம் வெளியிட்டிருக்கிறதே, பிறகென்ன" என்று அந்த எண்ணைக் கல்வெட்டாக்கிவிடுகின்றனர். இரண்டும் பிழை என்பது என் துணிபு. எண் இரவல் வாங்குவதில் பொய் இல்லை. இரவல் வாங்கியதை மறைப்பதில்தான் பொய் இருக்கிறது. இதை நிறுவவே இக்கட்டுரை. தமிழ் படித்தவனுக்குப் புள்ளியியலில் என்ன வேலை என்று கேட்கும் நண்பர்களுக்கு, இறுதியில் ஏடு பதிப்பித்தவர்களின் பக்கமாக வந்து விடை சொல்கிறேன்.

முதலில், ஏன் இடைநிலை அளவு? பள்ளிக் கணக்கில் சராசரி, இடைநிலை அளவு, முகடு என்று மூன்றையும் படித்துத் தேறி, பிறகு வாழ்நாள் முழுவதும் சராசரி ஒன்றையே கட்டிக்கொண்டு திரிபவர்கள் நாம். ஒன்பது குடும்பங்களைக் கற்பனை செய்துகொள்வோம். ஆண்டு வருமானம் ஆயிரம் டாலர்க் கணக்கில் முறையே 18, 24, 31, 38, 42, 57, 63, 90, 400. கூட்டி ஒன்பதால் வகுத்தால் சராசரி ஏறத்தாழ 85. ஒன்பதில் ஏழு குடும்பங்கள் அந்தச் சராசரிக்குக் கீழே நிற்கின்றன. எவருடைய வாழ்வையும் அது காட்டவில்லை. வரிசையின் நடுவில் நிற்கும் ஐந்தாவது குடும்பத்தின் 42 என்பதே இடைநிலை அளவு. கடைசிக் குடும்பத்தின் 400 நாளை 4,000 ஆனாலும் இந்த 42 அசையாது. செல்வந்தர் ஒருவர் குடியேறியதனால் ஊரே செழித்துவிட்டது என்ற மயக்கத்தை இடைநிலை அளவு அனுமதிப்பதில்லை.

இது கற்பனைக் கணக்கு மட்டுமன்று. வயோமிங் மாநிலத்தில் டீட்டன் என்றொரு கவுண்டி உண்டு. மலையும் பனிச்சறுக்கும் பெருஞ்செல்வர் மாளிகைகளும் நிறைந்த இடம். தனிநபர் வருமான வரி இல்லாத மாநிலம் என்பதும் ஓர் ஈர்ப்பு. அங்கே தலைக்குரிய வருமானம் 2021-இல் 3 லட்சம் டாலரைத் தாண்டியது, நாட்டின் முதலிடம். ஆனால் அதே காலப்பகுதியில் அங்குள்ள குடும்பங்களின் இடைநிலை வருமானம் 1 லட்சம் டாலரை ஒட்டியே இருந்தது. ஒரு தலைக்கு மூன்று லட்சம். பல தலைகள் கொண்ட குடும்பத்துக்கோ ஒரு லட்சம்! முதல் எண் பங்குச் சந்தையின் கதையைச் சொல்கிறது. இரண்டாவது எண், விடுதியில் படுக்கை விரிப்பவரும் பள்ளியில் பாடம் சொல்பவரும் சேர்ந்து வாழும் ஊரின் கதைக்குச் சற்று நெருங்கி வருகிறது.

கவுண்டி என்பதை நம் மாவட்டத்துக்கு இணை என்று சொல்லிவிடலாம். ஆயினும் அளவில் அவற்றுக்குள் ஒற்றுமையே கிடையாது. நாடெங்கும் ஏறத்தாழ 3,140 கவுண்டிகளும் அவற்றுக்கு இணையான பகுதிகளும் உள்ளன. லூசியானாவில் அதற்குப் பெயர் வேறு, அலாஸ்காவில் வேறு. கனெக்டிகட்டில் பழைய எட்டுக் கவுண்டிகளுக்குப் பதிலாக ஒன்பது திட்டமிடல் வட்டாரங்களைப் புள்ளிவிவரத்துக்கு ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியில் 1 கோடிக்கு மேற்பட்டோர். டெக்சாஸ் மாநிலத்து லவிங் கவுண்டியில் 64 பேர். வரைபடத்திலோ இரண்டும் ஆளுக்கொரு கட்டம், ஆளுக்கோர் எண்.

1 கோடிப் பேர் உள்ள இடத்தில் மாதிரிக்குச் சில குடும்பங்களைக் கேட்டாலும் ஆயிரக்கணக்கில் விடைகள் சேர்ந்துவிடும். 64 பேர் உள்ள இடத்தில் என்ன செய்வது? இதுதான் இத்துறையின் முழுச் சிக்கலும்.

2000-ஆம் ஆண்டு வரை பத்தாண்டுக்கொருமுறை நடக்கும் கணக்கெடுப்பின்போதே ஒரு பகுதிக் குடும்பங்களுக்கு நீண்ட வினாத்தாள் கொடுத்து வருமானத்தைக் கேட்டறிந்தனர். பத்தாண்டுக்கொருமுறை என்றால், எண் கைக்கு வரும்போதே பழசாகிவிடும். ஆலை மூடிய ஊரும் எண்ணெய் கண்ட ஊரும் அடுத்த கணக்கெடுப்பு வரை பழைய முகத்தோடே அரசின் முன் நிற்கவேண்டும். அதற்கு மாற்றாக 2005 முதல் அமெரிக்கச் சமுதாய அளவாய்வு முழு அளவில் நடந்து வருகிறது. இப்போது ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் முகவரிகளுக்கு வினாத்தாள் செல்கிறது. மிகப் பெரிய முயற்சிதான். ஆனாலும் 65,000-க்கு மேல் மக்கள்தொகை உள்ள இடங்களுக்கு மட்டுமே ஒற்றை ஆண்டு விடையை வெளியிடுகிறார்கள். கவுண்டிகளில் ஏறத்தாழ நாலில் ஒன்றே அந்த வரம்பைத் தாண்டுகிறது. மற்றவற்றுக்கு ஐந்தாண்டு விடைகளை ஒன்றாகச் சேர்த்தே வெளியிட முடிகிறது. ஐந்தாண்டைச் சேர்த்தால் எண் நிலைப்படும். ஆனால் அது எந்த ஆண்டின் எண்ணும் அன்று. 2019-இன் வேலையும் 2020-இன் பெருந்தொற்றும் 2021-இன் மீட்சியும் அதில் கலந்து கிடக்கும்.

சிறிய இடத்தில் ஒற்றை ஆண்டு விடையை அப்படியே நம்பினால் என்னாகும்? மேலே சொன்ன ஒன்பது குடும்பங்களே ஒரு சிற்றூர்க் கவுண்டியில் இவ்வாண்டு விடையளித்தவை என்று கொள்வோம். எண் 42. அடுத்த ஆண்டு வேறு ஒன்பது கதவுகள் தட்டப்படுகின்றன; நடுவில் 57 வந்து விழுகிறது. "ஓராண்டில் 36 விழுக்காடு வளர்ச்சி" என்று செய்தித்தாள் எழுதும். உறுப்பினர் ஒருவர் மேடையில் அதைத் தம் சாதனை என்பார். ஊரில் எவருக்கும் ஒரு காசு கூடியிருக்காது. மாறியவை தட்டிய கதவுகள் மட்டுமே. "கேட்டறிந்த உண்மை" என்று நாம் போற்றுவது, சிறிய இடங்களில் குலுக்கல் சீட்டாக மாறிவிடுகிறது.

இந்தச் சிக்கலை முதன்முதலில் பெரிய அளவில் எதிர்கொண்ட கதை சுவையானது. 1972-இல் அமெரிக்க நடுவண் அரசு தன் வருவாயில் ஒரு பகுதியை உள்ளூர் ஆட்சிகளோடு பகிர்ந்துகொள்ளச் சட்டம் இயற்றியது. பங்கீட்டுக்கு ஒவ்வோர் ஊரின் தலைக்குரிய வருமானமும் தேவைப்பட்டது. 1970 கணக்கெடுப்பில் வருமானத்தை ஐந்தில் ஒரு பங்கினரிடம்தான் கேட்டிருந்தனர். 500 பேர் வாழும் ஊர்களில் பிழையளவு சுமார் 13 விழுக்காடு, 100 பேர் வாழும் ஊர்களில் சுமார் 30 விழுக்காடு என்று கணக்காயிற்று. எனவே 500 பேருக்குக் குறைந்த ஊர்கள் சொன்ன விடையை ஒதுக்கிவிட்டு, அவை அடங்கிய கவுண்டியின் சராசரியையே அவற்றுக்கும் சூட்டிவிடுவதென வாரியம் முதலில் முடிவெடுத்தது. நிர்வாகத்துக்கு எளிய வழி. ஆனால் 499 பேர் வாழும் ஊர் வாயற்றதாகவும் 501 பேர் வாழும் ஊர் வாயுள்ளதாகவும் ஆவது எந்த நீதி?

வாரியத்தில் பணியாற்றிய ராபர்ட் ஃபே, ரோஜர் ஹெரியட் இருவரும் 1979-இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு ஒரு நடுவழி கண்டது. அதற்கான விதை முன்பே ஊன்றப்பட்டிருந்தது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட அளவுகளை ஒருங்கே மதிப்பிடும்போது, ஒவ்வொன்றையும் அதனதன் விடையை மட்டும் கொண்டு மதிப்பிடுவதைவிட, எல்லாவற்றையும் ஒரு பொதுப்புள்ளியை நோக்கிச் சற்றே இழுத்துவிட்டால் மொத்தப் பிழை குறையும் என்று சார்லஸ் ஸ்டைன் 1956-இலும், வில்லார்ட் ஜேம்ஸும் அவரும் சேர்ந்து 1961-இலும் காட்டியிருந்தனர். கேட்டவுடன் ஏற்கத் தயங்கும் முடிவு. ஃபேயும் ஹெரியட்டும் அதைச் சிற்றூர்களின் வருமானத்துக்குக் கொண்டுவந்தனர். ஊர் சொன்ன விடை ஒன்று. வீட்டு மதிப்பு, வரிப் பதிவு, சூழ்ந்திருக்கும் கவுண்டியின் நிலை ஆகியவற்றைக் கொண்டு "இப்படிப்பட்ட ஊரில் இவ்வளவு இருக்கலாம்" என்று கணித்த விடை மற்றொன்று. இரண்டையும் தராசில் நிறுத்தி, எது எந்த அளவுக்கு நம்பத்தக்கதோ அந்த அளவுக்கு அதற்கு எடை தருவது அவர்கள் முறை.

எளிமைக்காக நம் ஒன்பது குடும்பக் கவுண்டிக்கே திரும்புவோம். அது சொன்ன விடை 42. சுற்றுப்புறச் சான்றுகள் சொல்வது 52. இரண்டின் பிழையளவும் ஒத்திருந்தால் இறுதி எண் 47. அதே கவுண்டியில் ஆயிரம் குடும்பங்கள் விடையளித்திருந்தால் பத்தில் ஒன்பது பங்கு எடை அதன் சொந்த விடைக்கே செல்லலாம். அப்போது எண் 43. நிறையப் பேசிய ஊருக்குத் தன் குரலே தீர்ப்பு. குறைவாகப் பேசிய ஊருக்கு அண்டையார் சாட்சி சொல்கிறார்கள். எவர் வாயும் முற்றாக அடைக்கப்படுவதில்லை. வலிமையை இரவல் வாங்குதல் என்றே இதைப் புள்ளியியலார் வழங்குகின்றனர். இத்துறைக்கு அடிப்படை நூலொன்றை 2003-இல் எழுதியவர் இந்தியாவில் பிறந்து கனடாவில் பணியாற்றிய ஜே. என். கே. ராவ் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

இன்று கவுண்டிகளின் இடைநிலைக் குடும்ப வருமானத்தை ஆண்டுதோறும் வெளியிடும் சிறுபகுதி வருமான வறுமை மதிப்பீட்டுத் திட்டம் இந்த மரபில் வந்ததே. 1994-இல் நிறைவேறிய கல்விச் சட்டம், வறுமையில் வாழும் பள்ளிவயதுக் குழந்தைகளுக்கான நிதியைப் பழைய கணக்கெடுப்பைக் கொண்டு பங்கிடாமல் புதிய மதிப்பீடுகளைக் கொண்டு பங்கிடவேண்டும் என்று பணித்தது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் எண்கள் வெளிவரத் தொடங்கின. சமுதாய அளவாய்வு விடை ஒருபுறம். பெயர் நீக்கித் தொகுத்த வருமான வரிப் பதிவுகள், பொருளாதாரப் பகுப்பாய்வுத் துறையின் வருமானக் கணக்கு முதலியன மறுபுறம். வறுமைக் கணக்கில் உணவு உதவி பெறுவோர் எண்ணிக்கையும் சேரும். கவுண்டி எண் ஒவ்வொன்றின் பக்கத்திலும் இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை என்று 90 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளியையும் அச்சிடுகிறார்கள். இந்த இடைவெளிதான் என் கட்டுரையின் உயிர்நிலை. வாரியம் அதை வெளியிடுகிறது. வரைபடம் வரைபவர் அதை வெட்டி எறிகிறார்.

வெட்டி எறிந்தபின் நடப்பதென்ன? பட்டியல் பிறக்கிறது. மிகப் பணக்கார நூறு கவுண்டிகள், மிக ஏழையான நூறு கவுண்டிகள் என்று வரிசை எண் சூட்டப்படுகிறது. உச்சியில் வர்ஜீனியாவின் லவுடன் கவுண்டி இருப்பதிலும், அடியில் மிசிசிப்பி ஆற்றுப்படுகைக் கவுண்டிகள் பல இருப்பதிலும் ஐயமில்லை. அவ்வளவு பெரிய இடைவெளியைப் பிழை விழுங்கிவிட முடியாது. நடுவில்தான் கேடு. அங்கே 1,400-ஆம் இடத்துக்கும் 1,500-ஆம் இடத்துக்கும் உள்ள வேறுபாடு இரண்டின் பிழைவரம்புக்குள்ளேயே அடங்கிவிடும். நாடு முழுமைக்குமே இந்நிலை என்றால் வியப்பாக இருக்கும். 2023-ஆம் ஆண்டுக்கு அமெரிக்காவின் இடைநிலைக் குடும்ப வருமானம் 80,610 டாலர் என்றது ஓர் அளவாய்வு. 77,719 டாலர் என்றது மற்றோர் அளவாய்வு. இரண்டும் ஒரே வாரியத்தின் வெளியீடுகள். ஒன்றும் பொய்யன்று. கேட்ட விதமும், கேட்ட காலமும், கேட்கப்பட்டோர் தொகையும் வேறு. 33 கோடிப் பேருடைய நாட்டுக்கே இரண்டு எண்கள் என்றால், சில ஆயிரம் பேருடைய கவுண்டிக்கு ஒற்றை எண்ணைக் கொண்டு சண்டையிடுவது எங்ஙனம் தகும்?

இனி மறுதரப்புக்கும் நியாயம் செய்யவேண்டும். இரவல் முறையில் உண்மையான குறைகள் உண்டு. ஸ்டைன் காட்டியது மொத்தப் பிழை குறையும் என்பதையே. ஒவ்வோர் ஊருக்கும் பிழை குறையும் என்று அவர் வாக்களிக்கவில்லை. அண்டையாரைப் போலவே இருக்கும் ஊருக்கு இம்முறை அருமருந்து. அண்டையாரிலிருந்து முற்றிலும் மாறுபட்ட ஊருக்கு அதுவே அநீதி ஆகலாம். எண்ணெய் திடீரெனப் பொங்கிய ஊரையும், பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தையும், பல்கலைக்கழக மாணவர்களால் நிரம்பிய ஊரையும் "இப்படிப்பட்ட ஊர்கள் பொதுவாக இப்படித்தான்" என்ற வாய்பாடு தன் பக்கம் இழுக்கும். விதிவிலக்கு மெலிந்துபோகும். அன்றியும், வரிப் பதிவே முதன்மைச் சான்று என்னும்போது, வரிப் படிவம் தாக்கல் செய்யத் தேவையில்லாத அளவுக்கு வருமானம் குறைந்தவர்கள் அந்தச் சான்றில் இடம்பெறுவதே இல்லை. எவரைக் காணவேண்டுமோ அவரையே காணாத கண்ணாடி அது. இதை அறிந்தே, படிவம் தராதோர் பங்கையும் கணக்கில் கொண்டுவர முயல்கிறார்கள்.

ஃபேயும் ஹெரியட்டும் முதற்குறையை அன்றே உணர்ந்திருந்தனர் என்பதே அவர்கள் மீது எனக்குள்ள மதிப்புக்குக் காரணம். அவர்கள் தம் முறைக்குத் தாமே ஒரு வேலி போட்டனர். இறுதி எண், ஊர் தானே சொன்ன விடையிலிருந்து ஒரு திட்டப்பிழைக்கு மேல் விலகக் கூடாது. வாய்பாடு எவ்வளவுதான் இழுத்தாலும், ஊர் தன்னைப்பற்றிச் சொன்ன சொல்லைக் கேலியாக்கும் தொலைவுக்கு இழுக்க முடியாது. மொத்தக் கணக்கில் இதனால் சிறிது நட்டமே. அந்த நட்டத்தைத் தெரிந்தே ஏற்றுத் தனியோர் ஊரின் மானத்தைக் காத்தனர்.

இப்போது பணத்தின் பக்கம் வருவோம். முன்சொன்ன கல்வி நிதி அண்மை ஆண்டுகளில் 1,800 கோடி டாலரைத் தாண்டியிருக்கிறது. அதன் ஒரு பிரிவான செறிவு மானியம் பெற, பள்ளி வட்டாரத்தில் வறுமையோடு தொடர்புடைய குழந்தைகள் 6,500 பேருக்கு மேலிருக்க வேண்டும். அல்லது மொத்தத்தில் 15 விழுக்காட்டுக்கு மேலிருக்க வேண்டும். இந்தக் குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோரின் எண்ணிக்கை, கவுண்டி வருமானத்தைக் கணிக்கும் அதே திட்டத்திலிருந்து வருவது. 15.1 என்று மதிப்பிடப்பட்ட வட்டாரத்துக்குக் கதவு திறக்கும், 14.9 என்று மதிப்பிடப்பட்ட வட்டாரத்துக்குச் சாத்தப்படும். இரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாடு பிழைவரம்பின் கால்தூசிக்கும் ஆகாது. கவுண்டிக்கும் மாநிலத்துக்கும் நம்பிக்கை இடைவெளியை அச்சிடும் அதே திட்டம், பள்ளி வட்டாரப் பட்டியலில் அதை அச்சிடுவதில்லை. அளவைப் பொறுத்துப் பொதுவாக எவ்வளவு பிழை இருக்கலாம் என்ற வழிகாட்டுக் குறிப்போடு நின்றுவிடுகிறது. எண் எங்கே வெறும் செய்தியோ அங்கே வரம்பு உண்டு. எண் எங்கே கத்தியாகிறதோ அங்கே வரம்பு இல்லை. இத்திட்டத்தைப் போற்றும் நான் இத்திட்டத்தின் மீது வைக்கும் குற்றச்சாட்டு இதுவே.

"சட்டத்துக்கு ஓர் எண் வேண்டும், இரண்டு எண்ணைக் கொண்டு காசோலை எழுத முடியாது" என்று நிர்வாகிகள் சொல்வர். உண்மைதான். ஆனால் செங்குத்தான படி வைக்கவேண்டும் என்று எவரும் விதிக்கவில்லையே. 15-இல் திடீரெனத் திறக்கும் கதவுக்குப் பதிலாக 13-இலிருந்து 17 வரை படிப்படியாக ஏறும் சரிவு வைக்கலாம். பல ஆண்டு மதிப்பீடுகளின் சராசரியைக் கொள்ளலாம். முந்தைய ஆண்டுத் தொகையில் 85 முதல் 95 விழுக்காடு வரை உறுதியளிக்கும் விதி இப்போதே உண்டு. அது வீழ்ச்சியைத் தடுக்கிறது. ஆனால் பிழையின் தயவால் ஓராண்டு உயர்ந்தவரைக் காக்கும் அவ்விதி, பிழையால் தாழ்ந்தவரைத் தூக்கிவிடுவதில்லை. ஐயத்தோடு வந்த எண்ணுக்கு ஐயத்தைத் தாங்கும் சட்டம் வேண்டும் என்பதே இங்குக் கேட்கத்தக்கது.

நம் நாட்டுக்கு இதில் பாடம் உண்டா? கூறெடுப்பு அளவாய்வில் மகலனோபிசின் வழிகாட்டுதலோடு 1950-இலேயே தேசிய மாதிரி அளவாய்வைத் தொடங்கியவர்கள் நாம். உலகமே அதைப் பின்பற்றியது. ஆயினும் நாம் குடும்பச் செலவைத்தான் கேட்டு வந்தோமேயன்றி வருமானத்தைக் கேட்கத் தயங்கினோம். நாடு தழுவிய குடும்ப வருமான அளவாய்வு 2026-இல் நடத்தப்படும் என்று 2025-இல்தான் அறிவிக்கப்பட்டது. அதுவரை மாவட்டத்தின் "தனிநபர் வருமானம்" என்று நம் செய்தித்தாள்கள் எழுதி வந்தது, மாவட்ட உற்பத்தி மதிப்பைத் தலைக்கட்டால் வகுத்த ஈவு. ஆலை இருக்கும் மாவட்டத்தில் ஆலையின் உற்பத்தி முழுவதும் அங்குள்ள கூலித் தொழிலாளியின் வருமானம்போல் தோன்றும். டீட்டன் கவுண்டியின் முதல் எண்ணைவிடவும் குறைந்த பொருளுடைய எண் அது. நமக்கு மாவட்ட அளவில் இடைநிலை வருமானம் என்று ஒன்று வருங்காலத்தில் வருமாயின், முதல்நாளே கேட்கவேண்டிய வினா, "எவ்வளவு?" என்பதன்று, "எத்தனை வீடுகளைக் கேட்டீர்கள், எவ்வளவு இரவல் வாங்கினீர்கள், வரம்பு என்ன?" என்பதே.

ஏடுகளின் பக்கம் வருவதாகச் சொல்லியிருந்தேன். உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது அவர் கையில் இருந்தது ஓர் ஏடு அன்று. பல ஊர்களிலிருந்து தேடிச் சேர்த்த பல ஏடுகள். ஒன்றில் செல்லரித்த இடத்தை மற்றொன்று நிரப்பிற்று. ஒன்றில் பிழைபட்ட சொல்லை மற்றவை திருத்தின. தன் கையில் உள்ள ஓர் ஏடே உண்மை, பிற ஏட்டைத் தொடமாட்டேன் என்று அவர் பிடிவாதம் பிடித்திருந்தால் நமக்கு நூலே கிடைத்திராது. இரவல் வாங்காத பதிப்பு தூய்மையானது என்று எந்தத் தமிழாசிரியனும் சொல்லமாட்டான். ஆனால் நல்ல பதிப்பாசிரியர் நிரப்பிய இடத்தை நிரப்பினேன் என்றும், வேறு பாடம் உண்டெனில் அதை அடிக்குறிப்பிலும் காட்டுவார். பாடபேதத்தைக் காட்டாமல் தம் ஊகத்தை மூலமென்று அச்சிடுபவரைத்தான் நாம் குறை கூறுகிறோம். கவுண்டியின் வருமான எண்ணுக்குப் பக்கத்தில் நிற்கும் நம்பிக்கை இடைவெளி புள்ளியியலாரின் பாடபேதக் குறிப்பு. அதை நீக்கிவிட்டு எண்ணை மட்டும் மேற்கோள் காட்டுபவர், அடிக்குறிப்பைக் கிழித்துவிட்டு நூலைக் கடன் கொடுப்பவர்.

ஒரு செய்தியோடு முடிக்கிறேன். ஹவாய் மாநிலத்தில் மொலோகாய் தீவின் வடகரையில் கலாவாவோ என்றொரு கவுண்டி இருக்கிறது. தொழுநோயாளர்களை 1866 முதல் அங்கே கொண்டுபோய் ஒதுக்கினர். கட்டாயத் தனிமை 1969-இல்தான் முடிவுக்கு வந்தது. அவர்களிடையே 1873 முதல் வாழ்ந்து அந்நோயாலேயே இறந்த தமியான் பாதிரியாருக்கு 2009-இல் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. 2020-இல் அங்கே 82 பேர். வருமான மதிப்பீட்டுப் பட்டியலில் அந்தக் கவுண்டியின் பெயர் இருக்கிறது. எண் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. அண்டையாரைக் கொண்டு நிரப்பலாம்தான். வாய்பாடு ஏதோ ஓர் எண்ணைத் தராமற் போகாது. ஆனால் அவ்வூருக்கு அண்டையார் என்று எவரைச் சொல்வது?

புறநானூற்றில் 267, 268 ஆகிய இரு பாடல்கள் கிடைக்கவில்லை. அந்த எண்களை எவரும் அடுத்த பாடல்களுக்குச் சூட்டி வரிசையைச் சரிசெய்துவிடவில்லை. இடம் வெறுமையாகவே இருக்கிறது. அங்கே ஒரு பாடல் இருந்தது, நமக்குத் தெரியவில்லை என்று அவ்வெறுமை ஒவ்வொரு பதிப்பிலும் சொல்லிக்கொண்டிருக்கிறது. கலாவாவோவின் வெறும் கட்டமும் அத்தகையதே. அதைக் கண்டபோதுதான், மற்ற மூவாயிரத்துச் சொச்சம் எண்களையும் அவற்றின் வரம்போடு நம்பலாம் என்று எனக்குத் தோன்றிற்று.